ஒரே நாற்காலியில் இரண்டு தாத்தாக்கள்

மாதுங்காவில் போட்டோ ஜோசியர் நுழையாத வீடு கிடையாது. நுழைந்த வீட்டில் காபி குடிக்காமல் திரும்பியதும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நானும் அவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போன கட்டைப் பிரம்மச்சாரிகள். ஆனால் எனக்கு எந்த வீட்டிலும் வாசலோடு மோர்தான். அவருக்கு ஊஞ்சலில் இடம், தட்டு நிறைய நேந்திரங்காய் வறுவல். வயிறு எரியாதா?

கையைப் பார்த்தோ கட்டத்தைப் பார்த்தோ அவர் பலன் சொல்வதில்லை. சுவரில் தொங்கும் பழைய தாத்தா படங்களைப் பார்த்துச் சொல்வார். தாத்தா மேஜைமேல் கையை ஊன்றியிருந்தால் சொத்து கைவிட்டுப் போகாது. புத்தகத்துக்குள் விரல் இருந்தால் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு வீட்டில் தாத்தா விறைப்பாக நிற்பதைக் கம்பீரம் என்று பெருமைப்பட்டார்கள். ஜோசியரோ, படம் எடுத்து முடிகிறவரை ஆள் அசையாமலிருக்க ஸ்டுடியோக்காரன் பின்னாலிருந்து கழுத்தில் இரும்புக் கவ்வியை மாட்டியிருக்கிறான் என்று சொல்லி, வேட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கவ்விக் கம்பியின் காலையும் காட்டிவிட்டார். அங்கேயும் காபி வந்தது. சர்க்கரைதான் இல்லை.

எதிர்க் கட்டிடத்துக் கமலத்தை நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். அவளோ ஜோசியர் பேசும்போதெல்லாம் சமையலறைக் கதவோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். போதாக்குறைக்கு, பையனுடைய தாத்தா படத்தை ஜோசியர் பார்த்துச் சரி என்றால்தான் பெண் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

பாலக்காட்டிலிருந்து என் தாத்தா படத்தை வரவழைத்து, அவர்கள் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜோசியரோடு எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டிலும் அதே சிங்கக்கால் நாற்காலி, அதே கடிகாரச் சங்கிலி, அதே வெள்ளிப்பூண் தடி. கோட்டுகூட அதேதான், அவர்கள் தாத்தாவுக்குத் தொளதொள, என் தாத்தாவுக்கு இறுக்கம்.

அந்தத் தடி ராஜா கொடுத்த பரிசு என்று மாதுங்கா முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் கமலத்தின் அப்பா.

"எங்க தாத்தாவோட தடி இவர் கைக்கு எப்படி வந்தது?" என்றார் மாமா.

எல்லாம் ஒரே ஸ்டுடியோக்காரன் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இரவல் தரும் சாமான் என்று ஜோசியர் உடைத்தால் மாமாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் என் தாத்தா திருடன். எப்படியும் எனக்குப் பெண் இல்லை, கமலம் இவருக்குத்தான் என்று முடிவு கட்டினேன். ஜோசியர் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தார்.

"ராஜா கொடுத்த தடியை கண்டவா கையிலே கொடுப்பாளா? உங்க தாத்தா உயிர் சிநேகிதனுக்காக்கும் கொடுத்திருக்கார். தன் கோட்டையும் கழட்டிப் போட்டு அழகு பார்த்திருக்கார், இறுக்கிப் பிடிக்கறது தெரியறதோல்லியோ. அவா ரெண்டு பேரும் அப்பவே சம்பந்தி. நீங்க முகூர்த்தம் பார்த்தா போறும்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடிப்படியில் இறங்கும்போது, அது ஸ்டுடியோ தடிதானே என்று ஜோசியரைக் கேட்டேன்.

"தடி, சங்கிலி, நாற்காலி எல்லாம் இரவல்தான். ஆனா கமலத்தைப் பார்க்கறச்சே உன் முகத்திலே இருந்தது சொந்தமாக்கும்" என்றார்.

எங்கள் கல்யாணப் படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் ஜோசியர் மட்டும் கமலத்தைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது அவள் முதலில் துடைப்பது அவர் முகத்தைத்தான். இன்றைக்கும் எனக்கு எரிகிறது. ஆனால் அவள் மறந்துபோகிற வெள்ளிக்கிழமைகளில் நானே துடைத்துவிடுகிறேன்.