பைரவர் படுத்த இடம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அபிஷேகப்பாக்கம் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம். அதற்கு மேலும் அற்புதம் வேண்டும் என்கிறவர்கள்தான் அதில் தொங்கிக்கொண்டு போனார்கள். வில்லியனூரிலிருந்து போனார்கள், பாகூரிலிருந்து போனார்கள், எல்லை தாண்டிக் கடலூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். எல்லாம் ஒரு நாயைப் பார்க்க.

நாய் என்று சொன்னால் அங்கே உதைப்பார்கள். பைரவர் என்று சொல்ல வேண்டும். நெல் வயலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். ‘கலியுகக் காலபைரவர் வாக்குப் பீடம். திருட்டு, திருமணத் தடை, வழக்கு, வெளிநாட்டு விசா. கட்டணம் இல்லை. காணிக்கை கட்டாயம்.’

காலபைரவருக்கு நாய் வாகனம் என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இங்கே வாகனமே சாமியாகிவிட்டது. அதன் மேல் ஏறிச் சவாரி செய்தவர் பைரவதாச சுவாமிகள். காவி உடுத்துவதற்கு முன்பு அவருக்கு நரேஷ் என்று பெயர். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாய்களை விட்டுவிட்டுப் போகும் காப்பகம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். அந்த மூன்று வருடத்தைப் பக்தர்கள் இமயமலைத் தவம் என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

பைரவர் நல்ல கறுப்பு லேப்ரடார். இந்த இனத்துக்குப் பூர்வீகம் கனடா. காசியைக் காவல் காக்கிற பைரவர் கனடாவில் போய் ஏன் பிறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. விசாவுக்காக வந்தவர்களுக்கு அது கூடுதல் நம்பிக்கையாகவே இருந்தது.

வாக்கு சொல்லும் முறை எளிது. வீட்டில் ஏதாவது திருடு போனால், சந்தேகப்படுகிறவர்களை எல்லாம் அழைத்து வந்து வரிசையாக நிறுத்த வேண்டும். ராகு காலம் பிறந்ததும் சுவாமிகள் வலது கையில் மணியை ஆட்டியபடி வரிசைக்கு முன்னால் நடப்பார். பைரவர் கூடவே நடப்பார். திருடன் முன்னால் வந்ததும் பைரவர் தொப்பென்று படுத்து, மோவாயைத் தரையில் வைத்துவிடுவார். ‘பைரவா!’ என்று கூட்டம் அலறும். அவ்வளவுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

ஒரு சின்ன சம்பிரதாயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கொட்டகை வாசலில் சின்னப்பிள்ளை என்கிற ஊழியர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் ‘சந்தேகச் சீட்டு’ வாங்கி நிரப்ப வேண்டும். யார் மேல் சந்தேகம்? அவர் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார்? வரிசையில் எத்தனையாவது ஆள்? பட்டதாரிகள்கூடப் பேனாவை உதறி உதறி, மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு உள்ளே போய், பைரவர் அதே ஆளின் முன்னால் படுத்ததும் மெய்சிலிர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வைத்தியலிங்கமும் அப்படி எழுதிக் கொடுத்தவர்தான். அவர் மனைவி சிவகாமசுந்தரியின் இரட்டைவடச் சங்கிலி காணாமல் போயிருந்தது. போலீசுக்குப் போனால் அவர்கள் வீட்டுக்காரர்களையும் கேள்வி கேட்பார்கள். நாய் கேட்காது. எனவே கடையிலும் வீட்டிலும் வேலை பார்த்த ஆறு பேரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பீடத்துக்கு வந்தார். அந்த ஆறு பேரில் செல்வகுமாரியும் ஒருத்தி. பதினோரு வருடமாக அவர் வீட்டில் சமைத்து, துலக்கி, அவர் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டவள்.

பைரவர் அவள் முன்னால் படுத்தார்.

“அடுத்த ஞாயிறு இறுதி வாக்கு. அதுக்குள்ள பொருள் வீடு வந்து சேரணும். இல்லன்னா பைரவர் பார்த்துக்குவார்” என்றார் சுவாமிகள். பைரவருக்கு வேலை வைக்காமல் வைத்தியலிங்கமே பார்த்துக்கொண்டார். அன்றே செல்வகுமாரியை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் படத்தைக் கடைத்தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘ஜாக்கிரதை’ என்று எழுதினார். இறுதி வாக்கும் இப்படியே வந்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். திருடி என்று பெயர் எடுத்தவளை இனி எந்த வாசலில் ஏற்றுவார்கள்?

செல்வகுமாரி பாகூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அழுதுகொண்டே போனாள். வீட்டில் அண்ணன் இல்லை. அண்ணி உஷாராணியும் இல்லை. ஏரிக்கரைக்குப் போனால், அங்கே அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே ஒரு நாய் படுத்திருந்தது. நாயின் மூக்குக்கு முன்னால் ஒரு வாளைக் கருவாடு. நாய் அதைத் தொடவில்லை.

இதற்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். உஷாராணி கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். தெருவில் கிடந்த ஒரு காது கிழிந்த நாட்டு நாயை எடுத்து வளர்த்து, கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தாள். நாட்டு நாய்க்குப் புத்தி வராது என்று மருந்தகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த ரோஷத்தில், புதுச்சேரியில் நாய் வளர்ப்போர் சங்கம் நடத்தும் கீழ்ப்படிதல் தேர்வுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனாள். உட்கார், படு, இரு, வா என்று எல்லாவற்றையும் கலெக்டர் பிரமாதமாகச் செய்தது. வளர்த்தவர் மறைவாகப் போய் நின்று, சொல்லால் மட்டும் ஏவ வேண்டிய கட்டம் வந்ததும் பேந்தப் பேந்த விழித்தது. தேர்வு நடத்திய டாக்டர் கீர்த்திகா சிரித்துக்கொண்டே, “அக்கா, அது நீங்க சொல்றத கேக்கல. உங்களப் படிக்குது. படுன்னு சொல்றதுக்கு முன்னாடியே உங்க தோள் இறங்குது, கை கீழ போவுது. நாய் பாஸ், நீங்கதான் பெயில்” என்று சொல்லியனுப்பினார்.

அன்றிலிருந்து உஷாராணி தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள், பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு நாள், ஆட்டு மந்தை போகும் நேரம் பார்த்து ஒரு நாள். ஏரிக்கரையில் போகிறவர்கள் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நாயிடம் வாக்கு கேட்கப் போகிறவர்கள்தான் அப்படிப் பேசினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்வகுமாரி நடந்ததைச் சொல்லி முடித்தாள். உஷாராணி ஆறுதல் சொல்லவில்லை.

“நாயி படுக்கிறப்ப அந்த ஆளு கை எங்க இருந்துச்சு?”

“கையா? நான் இன்னாத்துக்கு அண்ணி அவன் கைய பாக்கப் போறேன்? நாயத்தான் பாத்தேன்.”

“அல்லாரும் நாயத்தான் பாப்பாங்க. அதான் அவனுக்கு வேணும். அழுவாத. ஞாயித்துக்கிழம நானும் வர்றேன்.”

“வேணாம் அண்ணி. இன்னொரு தபா எம் முன்னாடி படுத்துச்சுன்னா நான் ஏரில வுழுந்துருவேன்.”

“வுழுவ, வுழுவ. மொதல்ல வந்து சோத்த துன்னு.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். இறுதி வாக்கு என்றால் சும்மாவா? ஒரு மனுஷி அவமானப்படுவதை இலவசமாகப் பார்க்கலாம். செல்வகுமாரி முறை வருவதற்குள், காணாமல்போன பம்புசெட் மோட்டாருக்கும் வேலி தகராறுக்கும் பைரவர் தீர்ப்பு சொன்னார். கூட்டம் முழுவதும் நாயைப் பார்த்தது. உஷாராணி மட்டும் மனிதரைப் பார்த்தாள். மணி ஆடும் வலது கை எல்லாருக்கும் தெரியும். தொடையை ஒட்டிச் சும்மா கிடந்த இடது கையை யார் பார்ப்பார்கள்? குறிப்பிட்ட ஆள் வந்ததும் அந்தக் கை கொஞ்சம் முன்னால் வந்தது. உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பி, ஒரு சாண் இறங்கியது. பைரவர் படுத்தார். வாக்கு முடிந்ததும் சுவாமிகளின் இடுப்பு மடிப்பிலிருந்து வேகவைத்த ஈரல் ஒரு துண்டு ‘பிரசாதமாக’ பைரவர் வாய்க்குப் போனது.

வைத்தியலிங்கத்தின் ஆறு பேர் வரிசையில் வந்து நின்றார்கள். உஷாராணி கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சாமி, ஒரு சந்தேகம். பைரவரு ஆள எப்படிக் கண்டுபுடிக்கிறாரு? மூஞ்சியப் பாத்தா, மோப்பம் புடிச்சா?”

“அண்ட சராசரத்தையும் மோப்பத்தால் அறிபவர் அம்மா!”

“அப்ப இவங்க போர்வ போத்திக்கினா அவருக்குத் தெரியாமப் பூடுமா?”

சுவாமிகள் வாயைத் திறப்பதற்குள் பக்தர்கள் முந்திக்கொண்டார்கள். “இன்னா பேச்சு பேசுற? பூமிக்கு உள்ள பொதச்சு வெச்சாலும் எங்க பைரவருக்குத் தெரியும்!” “போத்திப் பாரு, போத்திப் பாரு!”

பக்தி என்பது பொல்லாத சரக்கு. சில நேரம் விற்றவனையே திருப்பிக் கடிக்கும். பீடத்துக் கடையிலேயே ‘பைரவர் போர்வை’ என்று கறுப்புப் போர்வைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றை எடுத்து வந்தார்கள். தன் நம்பிக்கையை ஊருக்குக் காட்ட வேண்டி வைத்தியலிங்கமும், “நானும் குந்துறேன். எனக்கு இன்னா பயம்?” என்று சேர்ந்துகொண்டார். நெட்டை குட்டை தெரியாதபடி ஏழு பேரும் குந்தி உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டார்கள். அவர்களைப் பக்தர்கள் இடம் மாற்றி உட்கார வைக்கும்வரை சுவாமிகள் வேறு வழியில்லாமல் காசி இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்து நின்றார். எட்டிப் பார்த்த சின்னப்பிள்ளையைப் பக்தர்களே, “பைரவரு மேல நம்பிக்க இல்லியா உனக்கு?” என்று அதட்டி உட்கார வைத்தார்கள்.

மணி அடித்தது. பைரவர் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். யார் முன்னாலும் படுக்கவில்லை. திரும்பி நடந்தார். நின்று, சுவாமிகளின் இடது கையைப் பார்த்து வாலை ஆட்டினார். கை இறங்கவில்லை. பாவம், எங்கே இறங்குவது என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. சுவாமிகளின் நெற்றியில் விபூதி வியர்வையோடு கரைந்து வழிந்தது.

மூன்றாவது நடையில், ஐந்தாவது போர்வை நடுங்குவதைச் சுவாமிகள் கவனித்தார். குற்றம் சாட்டப்பட்டவள்தானே நடுங்குவாள்? கை இறங்கியது. பைரவர் படுத்தார். ‘பைரவா!’ என்று கொட்டகை அதிர்ந்தது.

உஷாராணி போர்வையை இழுத்தாள். உள்ளே வைத்தியலிங்கம். முழங்கால் வலிக்காரர், பத்து நிமிடம் குந்தியிருந்ததில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“பூர்வ ஜென்மம்...” என்று ஆரம்பித்தார் சுவாமிகள். “பைரவர் பூர்வ ஜென்மத்துத் திருட்டைச் சுட்டிக் காட்டுகிறார்.”

“பூர்வ ஜென்மம் இன்னாத்துக்கு? போன தீபாவளிக்கே மீட்டருக்கு ரெண்டு வெரக்கட கொறச்சித்தான் துணி கிழிச்சான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதி இதிலும் ஏதோ தத்துவம் இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

அந்த மீதிப் பாதிக்காகத்தான் உஷாராணி தன் பையில் ஈரல் கொண்டுவந்திருந்தாள். ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். பைரவர் பக்தியோடு அவளருகே வந்தார். அவரை உண்டியல் பக்கம் அழைத்துப்போய் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். பைரவர் படுத்தார். சின்னப்பிள்ளை முன்னால் தாழ்த்தினாள், படுத்தார். கூட்டத்தோடு நின்ற சிவகாமசுந்தரி முன்னால் தாழ்த்தினாள், படுத்தார். கடைசியில் சுவாமிகளின் காலடியில் தாழ்த்தினாள். மோவாயைத் தரையில் வைத்து, அங்கேயும் சுத்தமாகப் படுத்தார்.

“எழுந்திரு! வா பைரவா! வா!” என்று கத்தினார் சுவாமிகள். உஷாராணி ‘அப்படியே இரு’ என்பதற்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பைரவர் அசையவில்லை. எத்தனை அருமையாகப் பழக்கியிருந்தான் அந்த மனிதன்! அந்த நாயைத் தேர்வுக்கு அனுப்பியிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். நேர்மையாகப் பிழைக்க ஒரு தொழில் கையில் இருந்தும் அவன் அதைத் திருட்டுக்குப் பயன்படுத்தினான். எனக்கு அவன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

உஷாராணி வைத்தியலிங்கத்திடம் திரும்பினாள்.

“ஏங்க, போன வாரம் சீட்டுல யாரு பேர எழுதினீங்க?”

“செல்வகுமாரி பேரத்தான்.”

“நாயி யாரக் காட்டுச்சு?”

“செல்வகுமாரிய.”

“நீங்க எழுதினதையே நீங்க கேக்குறதுக்கு, நடுவுல நாயி எதுக்கு?”

அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் அல்ல என்பது கூட்டத்துக்கும் புரிந்தது. எத்தனை பேர் அந்தச் சீட்டால் மாமியாரை, மருமகளை, வேலைக்காரியை, பங்காளியைத் திருடராக்கியிருந்தார்கள்! பலர் தரையைப் பார்த்தார்கள். சிலர், தங்களை நம்ப வைத்தவனை உதைக்கலாம் என்று சுவாமிகளைத் தேடினார்கள். நம்பிய தங்களை உதைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. சுவாமிகள் அதற்குள் மணியைப் போட்டுவிட்டு வரப்பு வழியாக ஓடிக்கொண்டிருந்தார். சேற்றில் விழுந்த இடத்திலேயே பிடித்தார்கள். போலீஸ் வந்தது. ஈரல் தின்று தின்று பெருத்திருந்த பைரவரை, உஷாராணி தகவல் சொல்லி வந்த டாக்டர் கீர்த்திகா தன்னோடு அழைத்துப் போனார்.

செல்வகுமாரி அழவில்லை. போர்வையை மடித்துக் கடையில் வைத்துவிட்டு, வைத்தியலிங்கத்தின் எதிரே வந்து நின்றாள்.

“நாளைக்கே வேலைக்கு வந்துரும்மா” என்றார் அவர்.

“எம் போட்டாவ போட்டீங்களே குரூப்புல, அதுலயே எழுதுங்க. செல்வகுமாரி திருடல, நாந்தான் புத்தியில்லாம நாய நம்பிட்டேன்னு. நான் பாக்க எழுதுங்க.”

அவர் எழுதினார். ‘புத்தியில்லாமல்’ என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை அழித்து எழுத வேண்டியிருந்தது.

“வேலைக்கு வரணுமா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் அண்ணியோடு பேருந்து ஏறினாள். சங்கிலி என்னவானது என்று கேட்பீர்கள். இன்னும் கிடைக்கவில்லை. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய புகாரை சுவாமிகள் பிடிபட்ட மறுநாள்தான் போலீசில் கொடுத்தார்கள். இப்போது வீட்டுக்காரர்களையும் விசாரிக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் நம் ஜனங்களை அறியாதவர்கள். புதன்கிழமை காலையில் உஷாராணி கதவைத் திறந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கையில் தேங்காய், பூமாலை.

“அம்மா, அந்த நாயி பொய்யின்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நெசமான பைரவரு உங்க வூட்டுலதான் இருக்கிறாராமே? எம் பொண்ணு கல்யாணம்...”

உஷாராணி தலையில் அடித்துக்கொண்டாள். கலெக்டரைக் கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தது. படுக்கச் சொன்னாள், படுத்தது.

“பாத்தீங்களா? சொன்னதச் செய்யும். ஏன்னு கேக்காது. கேக்காம செஞ்சாத்தான் நாயிக்கு மார்க்கு. நீங்க மனுசங்க. ஏன்னு கேட்டாத்தான் உங்களுக்கு மார்க்கு. புரியுதா?”

“புரியுது தாயே” என்று மூன்று பேரும் பயபக்தியோடு தலையை ஆட்டிவிட்டு, அவள் காலில் விழுந்தார்கள்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. படிக்கிற நீங்களாவது கேட்டுத் தொலையுங்கள்.