முன் சீட்டில் விளக்கு பாய்

கையில் ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் திண்டுக்கல்லில் அதிக எஞ்சின்களைக் கெடுத்தவர் யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் தெரு விளக்கு பாய்க்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆளே கிடையாது.

பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டுவதும் கிடையாது. ஆனால் தெருவில் யார் காராவது கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிடுவார். எங்கே போகிறோம் என்று கேட்க மாட்டார். டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்றுதான் பார்ப்பார். எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்கள். அதனால் அவர் ஏமாந்த நாளே இல்லை.

விளக்குகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். எஞ்சின் விளக்கு ஆமை. பேட்டரி விளக்கு டிபன் பாக்ஸ். ஆயில் விளக்கு கெண்டி. எஞ்சின் சூடேறினால் எரிவது, தண்ணியில விழுந்த சாவி. பெயர்கள் அத்தனையும் பொருத்தம். வைத்தியம்தான் ஒன்றும் பொருந்தாது.

நான் கார் வாங்கிய மாதமே பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கவில்லை என்று பாய் தீர்ப்புச் சொன்னார். மூன்று நாள் அதை இழுத்து இழுத்து விட்டுத் தோள்வலிக்கு மாத்திரை போட்டேன். நான்காம் நாள் ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், பிரேக் ஆயில் அடிமட்டத்தில் கிடந்தது. அதற்கும் இதே விளக்குதான் எரியுமாம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் பிரேக்கே பிடித்திருக்காது என்றார் மெக்கானிக். பாயிடம் வந்து சொன்னேன். நான் இழுத்த முறை சரியில்லை என்றார்.

பக்கத்து வீட்டு அருளப்பன் வாத்தியாருக்கு நடந்தது இன்னும் கொடுமை. அவர் காரில் கெண்டி எரிந்தபோது, பல்பில் ஏதோ கோளாறு என்று சொல்லி அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார் பாய். விளக்கு ஒழிந்தது. எரியோடு ஊருக்குப் போகிற வழியில் எஞ்சினும் ஒழிந்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே சொட்டு ஆயில் இல்லை என்று துக்கம் விசாரிக்கிற குரலில் வாத்தியாரிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற பாய் மெக்கானிக்கிடம், "டேப்பு நல்லா ஒட்டிருந்துச்சுல்லப்பா?" என்று விசாரித்தார். அதன்பிறகு ஆறு மாதம் வாத்தியார் அவரோடு பேசவில்லை. பேசுவதை முழுக்கத் தானே பார்த்துக்கொண்டதால் பாய் அதைக் கவனிக்கவும் இல்லை.

இந்தக் கோடையில் ஒட்டன்சத்திரத்தில் என் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். நானும் என் மனைவி செல்வியும் கிளம்பினோம். தன் மகளை அங்கேதான் கொடுத்திருக்கிறது என்று பாயும் ஏறிக்கொண்டார். பட்டுப்புடவையோடு செல்வி பின் சீட்டுக்குப் போனாள். பாதி வழியில் சாவி எரிந்தது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. சுற்றிலும் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

"தம்பி, ஏசிய அணை. ஹீட்டரப் போடு. முழுசா வை."

பின்னாலிருந்து செல்வி, "இந்த வெயில்ல ஹீட்டரா? நாங்க மனுசங்களா வடகமா பாய்?" என்றாள்.

"எஞ்சின் சூட்ட அது உள்ள இழுத்துக்கிரும்மா. ஒதுங்க நெழலு வார வரைக்கும் செத்த நேரம் பொறுத்துக்க."

வேறு வழி தெரியாமல் போட்டேன். அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. செல்வி தலையில் மல்லிகை சுருண்டது. ஆனால் முள் மெதுவாக இறங்கியது. கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரம் வந்தது. வண்டியை ஒதுக்கி அணைத்தேன்.

பாய் சொன்னது பலித்த அதிர்ச்சியிலேயே பானெட்டைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதுக்கு அப்படி ஒரு பிடியை நான் எதிர்பார்க்கவில்லை.

"தொடாத."

பிறகு தன் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினார். தோல் சுருங்கி, வழுவழுவென்று வேறு நிறத்தில் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் கார் வைத்திருந்தாராம். ஆத்தூர் போகும்போது இதே மாதிரி கொதித்து நின்றதாம். அவசரத்தில் மூடியைத் திறந்தாராம். வெந்நீர் பீறிட்டு அவர் கையில் பட்டது. பக்கத்தில் வந்து நின்ற அவர் மனைவியின் கழுத்திலும் பட்டது. அந்த அம்மாள் எப்போதும் முக்காட்டை இழுத்துக் கழுத்தை மூடியிருப்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றோடு வண்டியை விற்றுவிட்டார். ஸ்டியரிங்கை அப்புறம் தொடவே இல்லை.

"ரோட்டுல அம்புட்டுப் பேரு நின்னு பாத்தாக தம்பி. தொடாதன்னு ஒருத்தரு சொல்லல."

செல்வி தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பாயே மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருந்தது. ஊற்றிக்கொண்டு ஊர்ந்து போனோம். நாங்கள் சேர்ந்தபோது தட்டு மாற்றி, பந்தியும் முடியும் நேரம்.

பாய் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுவாரமே வாத்தியார் காரில் ஆமை எரிந்ததற்கு, வண்டியைக் கழுவினால் போய்விடும் என்றார். வாத்தியார் கழுவினார். வண்டி பளபளத்தது. ஆமையும்தான்.

போன வெள்ளிக்கிழமை செல்வி என் காரில் ஏறி உட்கார்ந்து, வாசலில் நின்ற பாயைக் கூப்பிட்டாள். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இது என்னான்னு செத்தப் பாருங்க பாய்" என்றாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, நிதானமாக விளக்க ஆரம்பித்தார். அது சீட் பெல்ட் விளக்கு. அது அவளுக்கும் தெரியும். அவர் சொல்லி முடிக்கும் வரை பெல்ட்டை மாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.