ஊசியைத் தொடக் கூடாத முதலாளி

என் மனைவியோடு பிறந்த ஒரே உரிமையில் எனக்கு ஆலோசகராக வாய்த்த அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்பால் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. ஊருக்கு யோசனை சொல்லிப் பிழைப்பவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை.

வெளிநாடு போக என்ன வழி என்று நான் கேட்டபோது, உன் விசா ஏஜென்சி ஆபீஸ் சுழல்நாற்காலியில் ஆடிக்கொண்டே, "அத்தான், சொந்தமா முதல் போட்டுக் கடை வெச்சா தொழில்முனைவோர் விசா, அடுத்தவன் கடையில பங்கு வாங்கினா முதலீட்டாளர் விசா. எது வேணும்?" என்று ஹோட்டல் சர்வர் மாதிரி கேட்டாய். நானும் முதலாவதைக் கொண்டுவரச் சொன்னேன். இருபத்தாறு வருஷம் துணி வெட்டியவன், ஒரு தையற்கடை போட்டால் பிழைத்துக்கொள்ள மாட்டேனா? கடை திறந்த அன்று கத்தரிக்கோலை எடுத்தேன். விசாவோடு வந்த நிபந்தனைத் தாளைப் படித்துக்கொண்டிருந்த மகள் கத்தினாள்: "அப்பா, கீழ வைங்க! முதல் போட்டவர் மேற்பார்வை மட்டும்தான் பார்க்கணுமாம். கைவேலை செஞ்சா விசா போயிடுமாம்." தைப்பதற்கு உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்தே ஆக வேண்டுமாம்.

வந்து சேர்ந்தார் ஒரு நெட்டையர். தங்கமான மனுஷன். தையல் மட்டும்தான் வராது. சட்டைப் பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டு, "இனிமே எதுவும் கீழ விழாது பாருங்க" என்றார். கோட்டின் இடக்கையை வலப்பக்கமும் வலக்கையை இடப்பக்கமும் வைத்துத் தைத்தார். போட்டுப் பார்த்த வாடிக்கையாளர் கைது செய்யப்பட்டவர் போல நின்றார். நான் மேற்பார்வை பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்த்தேன். வாயால் சொல்லித் தரலாமே என்பாய். சொன்னேன். அவர் தலையை ஆட்டுவார், தையல் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

போன செவ்வாய்க்கிழமை விசா நீட்டிப்புக்காக அதிகாரி கடையைப் பார்வையிட வந்தார். மகளுக்குப் பள்ளியிறுதித் தேர்வு நாலே மாதத்தில். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் ஒரு வருஷப் படிப்பு பாழ். அதனால் மேஜைக்குப் பின்னால் முதலாளி மாதிரியே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அந்த மனுஷனின் பேன்ட் கண்ணில் படும்வரை. இடக்கால் மடிப்பு பிரிந்து ஷூவுக்கு அடியில் இழுபடுகிறது. பார்க்காதே, பார்க்காதே என்றுதான் சொல்லிக்கொண்டேன். பாழாய்ப்போன கை கேட்குமா? அடுத்த நிமிஷம் நான் தரையில், வாயில் ஆறு குண்டூசி, பிடியில் அவர் கால். "நீங்களே வேலை செய்றது உண்டா?" என்று கேட்கிறார். வாயைத் திறந்தால் ஊசி விழும். "ம்ம்" என்றேன். தைத்து முடித்ததும் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்து, "இவ்ளோ நேர்த்தியா யாரும் தைச்சுத் தந்ததில்லைங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. முதல் போட்டவர் கைவேலை செய்கிறார். ஆதாரம், அதிகாரியின் இடக்கால் பேன்ட். முப்பது நாளில் கிளம்ப வேண்டும்.

உன் அக்கா அழுது முடித்துவிட்டு இப்போது உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். மகள் யாரையும் திட்டவில்லை, தேர்வுப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மச்சான். ஆகவே நம் வீட்டுக் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல். விமான நிலையத்துக்கு நீயே வா, நேரில் பேச நிறைய இருக்கிறது.

உன் மனைவி மக்கள் நீடூழி வாழட்டும். நீயும் வாழ்ந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் யோசனையைக் கேட்ட அத்தான்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் பன்னிரண்டு நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று. குடித்தனக்காரரிடம் மூச்சு விடாதே. நெட்டையர் வந்து, "கடையை எனக்கு வித்துடுங்க. நான் முதலாளி, நீங்க டெய்லர். இங்க டெய்லருக்கு ஆள் பஞ்சம், அதுக்குன்னே ஒரு விசா இருக்கே!" என்றார். அதே அதிகாரியிடம் போனோம். 'தொழில் திறமை' என்ற இடத்தில் தம் பேன்ட்டைக் குனிந்து பார்த்து அவரே 'மிக நன்று' என்று எழுதினார். நேற்று அனுமதி வந்துவிட்டது. மகள் இங்கேயே தேர்வு எழுதுவாள். இப்படி ஒரு விசா இருப்பதை நீ ஏன் சொல்லவே இல்லை என்று உன் அக்காவிடம் கேட்டேன். அதில் உனக்குக் கமிஷன் கிடையாதாம், அவளே சொன்னாள்.