சாட்சி சொன்ன வாஷிங் மெஷின்

இனிமேல் இந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சட்டம் போட்டார். சட்டத்தை வாயைத் திறந்துதான் போட்டார். அதற்கு முன்னால் தன் போனைத் துண்டில் சுற்றி, ஃபிரிட்ஜில் கேரட்டுகளுக்கு நடுவே படுக்க வைத்து, கதவைச் சாத்தி, சாத்தியதை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

"அது ஒட்டுக் கேக்குது," என்றார், கிசுகிசுப்பாக.

"கேரட்டாப்பா?" என்றேன்.

என்னை முறைத்தார். அந்த முறைப்புக்கு அவருக்குச் சம்பளம் உண்டு. அப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா, புளுகா என்று நேரில் போய்ப் பார்க்கிற வேலை. எரிந்த கடைக்குப் போனால் சாம்பலை மோந்து பார்ப்பார். நசுங்கிய காரின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நீயே சொல்லிடு" என்பது போல அதைப் பார்ப்பார். ஆபீசிலேயே பூட்டி வைத்துவிட்டு வரவேண்டிய கண்ணை வீட்டுக்கும் எடுத்து வந்துவிடுவார். பால் பாக்கெட்டில் பால் குறைந்திருந்தால் அம்மாவிடமும் என்னிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்குவார்.

அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். வருகிறவர்களிடம் இதை வாங்குங்கள் என்று அவள் சொன்னதே கிடையாது. விற்க நினைக்கிற ஃபிரேமை முதலில் ஒரு தடவை காட்டுவாள். நடுவில் வேறு எதையாவது எடுப்பாள். பிறகு, கை தவறிப் பட்டது மாதிரி, மறுபடியும் அதையே கண்ணில் படும்படி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் வந்தவரே, "மேடம், அந்தக் கறுப்பு ஃபிரேம் எங்க?" என்று தேடுவார். "உங்க செலக்‌ஷன் எப்பவுமே தனி சார்," என்பாள் அம்மா. அந்த சார் கடைக்குள் நுழைந்ததே அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுச் சண்டை ஒரு வாஷிங் மெஷினைப் பற்றியது. துவைக்கும்போது கிணற்றுக்குள் யாரோ பாத்திரம் தேய்ப்பது போலவும், பிழியும்போது ஒரு லாரி மாடிப்படி ஏறி வருவது போலவும் சத்தம் போடும். மூடியை ஒரு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தோம். அப்பாவின் பெல்ட். அதன் ஒவ்வொரு உறுப்பையும் அப்பாவே கழற்றி, அப்பாவே மாட்டி, மிஞ்சிய திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதைத் தூக்கிப் போடுவது அவருக்கு மானப் பிரச்சினை. அதன் சத்தத்தில் இன்னொரு வருஷம் வாழ்ந்தால் காது போய்விடும் என்பது அம்மாவின் பிரச்சினை.

"ஓடுதா, இல்லையா?" என்பார் அப்பா.

"ஓடுதுங்க. நேத்து ஹால் வரைக்கும் ஓடி வந்துருச்சு."

திடீரென்று ஒரு நாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்பா அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மனிதர் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு போன் கேட்க ஆரம்பித்தது. அப்பா செய்தி பார்க்கப் போனால் வாஷிங் மெஷின். மழை வருமா என்று பார்க்கப் போனால் வாஷிங் மெஷின். ஒரே மெஷின்தான். வெள்ளை நிறம். ஓடிக்கொண்டிருக்கிற அதன் தலைமேல் ஒரு குழந்தை தூங்கும். "நான் இதைத் தேடவே இல்லையே," என்றார் அப்பா. சத்தியமாகத் தேடவில்லை. எங்களோடு வாயால் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். ஆக, போனுக்குக் காது இருக்கிறது.

யார் தேடியது என்று எனக்கு அதே வாரத்தில் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு டேப்லெட் உண்டு, சுருக்கமாக டேப். நான் கணக்குப் படிப்பதற்காக வாங்கியது. என் கணக்கு மார்க் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதில் தனி அக்கவுண்ட் கூடாது, தன்னுடையதைத்தான் போட வேண்டும், அப்போதுதான் நான் என்னென்ன பார்க்கிறேன் என்று தனக்குத் தெரியும் என்பது அப்பாவின் உத்தரவு. ஆக டேபில் யார் எதைத் தேடினாலும் விளம்பரம் அப்பாவின் போனுக்குத்தான் போகும். என்னைப் பிடிக்கக் கட்டிய கூண்டில் அவரே உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்.

"ஏய் வாயாடி," என்று அம்மா ஒரு சாயங்காலம் டேபோடு வந்தாள். "இதுல தேடினதை எல்லாம் எப்படிடி அழிக்கிறது?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். சுத்தமா இருக்கட்டுமேன்னு."

சொல்லிக்கொடுத்தேன். திரையில் அந்தக் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல நாடகத்தை இடைவேளைக்கு முன்னால் நிறுத்துகிற பாவம் எனக்கு வேண்டாம்.

அப்பா சந்தேகத்தை நிரூபிக்காமல் விடுகிற ஆள் இல்லை. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். நான் கதவில் காதை வைத்தேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி அப்பாவின் குரல் வந்தது.

"எனக்கு... தேனீ வளர்க்க வேண்டும் என்று... நெடுநாள் ஆசை."

தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம்.

"தேனீ வளர்ப்பவர்கள் அணியும் உடுப்பு... எங்கே கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை."

இவ்வளவு உருக்கமாக ஒரு மனிதன் கேட்கும்போது எப்படி உதவாமல் இருப்பது? டேபை எடுத்தேன். தேனீப் பெட்டி, தேனீ உடுப்பு, தேனீ கொட்டினால் போடுகிற களிம்பு என்று ஆசைதீரத் தேடினேன்.

காபி நேரத்தில் அப்பா போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். திரையில், முகத்துக்கு வலை போட்ட வெள்ளை உடுப்பில் ஒருவர் அவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

மௌனச் சட்டம் மத்தியானம் வரை தாங்கியது. சாப்பாட்டின்போது அப்பா சைகையில் உப்பு கேட்டார். அம்மா எழுந்து போய் ஃபேனைப் போட்டாள். இன்னும் பெரிதாகக் கேட்டார். ஜன்னலைத் திறந்தாள். கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டு, புதுத் திட்டம் ஒன்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். மெஷின் வாங்கியாகிவிட்டது என்று போனை நம்ப வைப்பது. வாங்கிவிட்டவனிடம் யார் விளம்பரம் காட்டுவார்கள்?

போனை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஹாலில் வைத்தோம். மெஷின் கொண்டு வருகிற ஆளாக நான். குரலை அடித்தொண்டைக்கு இறக்கினேன்.

"சார், இதை எங்க இறக்கணும்? படிக்கட்டுல இடுப்பே போச்சு சார்."

"அங்கேயே... வையுங்கள். ஆகா. என்ன அழகான மெஷின்."

"ஆமா. அழகு," என்றாள் அம்மா, பஸ் போர்டு படிக்கிற மாதிரி.

இழுக்கிற சத்தம், கூட வந்தவரின் இருமல் என்று எழுதிக்கொடுக்காததையும் சேர்த்தேன். "டீக்கு ஏதாவது பாத்துக் குடுங்க சார்," என்றதும் அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அப்புறம்தான் அது நான் என்று ஞாபகம் வந்து, வெறுங்கையாக வெளியே வந்தது.

மறுநாள் அதே மெஷின், அதே குழந்தை. கூடவே ஒரு வரி: இன்னும் யோசிக்கிறீர்களா?

அப்பா இடிந்து போனார். நாங்கள் நடித்தது எப்படித் தெரிந்தது என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இருமல் அதிகமோ என்றார். குளியலறையில் பழைய மெஷின் பிழிய ஆரம்பித்திருந்தது. லாரி முதல் மாடியைத் தாண்டியது. அம்மா துணி மடித்தபடியே சொன்னாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"புது மெஷின் வந்துருச்சுன்னு நாம சொல்றோம். பின்னாடி பழசு கத்திக்கிட்டே இருக்கு. போனுக்குத்தான் காது இருக்கேங்க. நீங்களா இருந்தா இந்தக் கேஸைப் பாஸ் பண்ணுவீங்களா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குள் இருந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "ரிஜெக்ட்," என்றார் தாழ்ந்த குரலில். "சாட்சி வீட்டுக்குள்ளயே இருக்கு."

அந்தச் சமயம் பார்த்துக் கீழ்வீட்டு மாமா வந்தார். அவருடைய படுக்கையறை எங்கள் மெஷினுக்கு நேர் கீழே. கையில் போன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வர்ற வாஷிங் மெஷின் விளம்பரம் எனக்கும் வர ஆரம்பிச்சிருக்கு. சத்தம் கூரை வழியா இறங்கி என் போன்லயும் விழுது போல."

அப்பா அவர் தோளைத் தொட்டு, "எத்தனை நாளா?" என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். அன்று காலையில் மாமாவும் அம்மாவும் படிக்கட்டில் வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்திருந்தாள்.

மெஷின் நிறுத்தப்பட்டது. திட்டம் அப்பாவுடையது என்பதால் துவைக்கிற பொறுப்பும் அவருடையதாயிற்று. துவைக்கிற சத்தமும் கேட்கக் கூடாதே. பனியன்களைத் திருடன் மாதிரி அலசினார். கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை நூல் மாதிரி திறந்து வைத்து, பூனையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் தேய்த்தார். என் சிவப்பு விளையாட்டுச் சட்டையும் அவருடைய வெள்ளைச் சட்டைகளும் ஒரே வாளியில் ஊறின. வாரம் முழுக்க அப்பா ரோஜா நிறத்தில் ஆபீஸ் போனார். கடை எரிந்துபோன ஒருவர் அவரைப் பார்த்ததும் பயப்படாமல் சிரித்துவிட்டாராம். அதுதான் அவரை உடைத்தது.

சனிக்கிழமை போனைக் கேரட்டுகளிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பினார். திரும்பி வந்தபோது பின்னால் நிஜமாகவே ஒரு ஆள், நிஜமாகவே ஒரு பெட்டி. போகும்போது அந்த ஆள் பழைய மெஷினைப் பெல்ட்டோடு தூக்கிக்கொண்டு போனார். அப்பா திருகு டப்பாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"எந்தப் போன்கிட்டயும் நான் கேக்கல," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "விளம்பரம் கிளம்பரம் எல்லாம் என்கிட்ட நடக்காது. கடையில ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தேன். எல்லாமே சந்தேகமா இருந்துச்சு. இது ஒண்ணுதான், ஏனோ, ரொம்ப நாள் பழகின மாதிரி இருந்துச்சு."

பெட்டியைப் பிரித்தோம். வெள்ளை நிறம். குழந்தை மட்டும்தான் இல்லை.

"உங்க செலக்‌ஷன் எப்பவுமே தனிங்க," என்றாள் அம்மா.

புது மெஷின் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அப்பா அதன்மேல் காதை வைத்து, இது எதையோ மறைக்கிறது என்றார்.

எனக்கும் ஒரு பங்கு வேண்டாமா? அம்மா சமையலறையில் தனியாக இருந்தபோது போய் நின்றேன். டேப், குழந்தை, கீழ்வீட்டு மாமா எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். நல்ல ஹெட்போன் ஒன்று கிடைத்தால் மறந்துவிடுவேன் என்றும் சொன்னேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் நிதானமாகத் துடைத்தாள்.

"பாக்கலாம்," என்றாள். "தேனீ எல்லாம் சௌக்கியமா?"

அழிக்கச் சொல்லிக்கொடுத்த நான், தேனீக்களை அழிக்க மறந்திருக்கிறேன். அதையும் அவள்தான் துடைத்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துக் காபி நேரத்தில் அப்பா போனைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி போனை. திரையில் கரும்பலகை, சாக்பீஸ், கையில் ஸ்கேலோடு ஒரு மாஸ்டர். சனி, ஞாயிறு முழுநாள் கணக்கு வகுப்பு.

"ஒட்டுக் கேக்குறது தப்புதான்," என்றார் யோசனையாக. "ஆனா இந்தத் தடவை அது சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு."

அது கேட்கவில்லை அப்பா, அம்மா தேடினாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி தேனீயைத் தேடியது யார் என்பதாக இருக்கும்.

வகுப்பில் எனக்கு முதல் பெஞ்சு.