முப்பது வருஷமும் ஒரு பொத்தானும்

அறுபத்தெட்டு வயதில் ஒருவன் செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு. ஒன்று, ஏணியில் ஏறுவது. மற்றொன்று, கம்ப்யூட்டர் தானாக வேலை செய்ய மேக்ரோ எழுதுவது. ஏணியில் எலும்போடு போய்விடும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் மனைவி முப்பது வருஷப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே படங்களுக்குப் பெயர் 1, 2, 3. அடுத்த வருஷமும் மறுபடி 1, 2, 3. சனிக்கிழமை மகள் வருகிறாள், எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மூன்று மாதமாக அதே பேச்சு.

எக்செல்லில் நான் புலி. ஆபீசில் என் மேக்ரோ ஓடினால் பக்கத்துக் கட்டிடத்தில் விளக்கு மங்கும்.

"ஏம்மா, முப்பது ஃபோல்டரை யாரு திறந்து மூடறது? நான் எழுதற மேக்ரோல ஒரு பொத்தானை அமுக்கினா எல்லாப் படமும் ஒரே இடத்துக்கு வந்துடும். பழைய ஃபோல்டரெல்லாம் தானா அழிஞ்சுடும்."

"அழிஞ்சுடுமா?"

"காலி டப்பா எதுக்கு?"

"நல்லா யோசிச்சீங்களா?"

"நான் யோசிச்சா கம்ப்யூட்டரே வெட்கப்படும்."

"அது வெட்கப்படட்டும். நாம அழாம இருந்தா சரி."

செவ்வாய்க்கிழமை அவள் காய் வாங்கப் போன நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன். ஒரு தும்மல் நேரம்தான். புது ஃபோல்டரைத் திறந்தேன். முப்பது வருஷத்துக்கும் சேர்த்துத் தொண்ணூற்றாறு படங்கள்!

ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதை ஆபீசில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கடைசியாக வந்தது போன வருஷம். போன வருஷம் நாங்கள் எடுத்தது குளியலறைக் குழாய் ஒழுகுவதை, பிளம்பருக்கு அனுப்ப. நாற்பது கோணம். ஆக, எல்லா வருஷத்திலும் முதல் நாற்பது படம் குழாயோடு போயிற்று. மகள் கல்யாணத்தில் மணமக்களைக் காணோம். பந்தி முடிந்து கை கழுவ நின்றவர்கள் மட்டும் பிழைத்திருந்தார்கள்.

குப்பைத்தொட்டியில் தேடினேன். மேக்ரோ அழித்தது அங்கேகூடப் போகாது. நேரே பரலோகம்.

மகள் முதல்நாள் பள்ளிக்கூடம் போன படம் ஒன்று உண்டு. பை அவளைவிடப் பெரிது. அன்றைக்கு நான் லீவு போடவில்லை. ஆபீசில் ஒரு கோப்பு அவசரம். என்ன கோப்பு என்று இப்போது நினைவில்லை. அந்த நாள் என்று எனக்கு இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதையும் என் கையாலேயே அழித்தேன்.

"அடுக்கியாச்சா?" காய்ப் பையை இறக்கிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஓடிக்கிட்டிருக்கு. பெரிய வேலை. வெள்ளிக்கிழமை ஆகும்."

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? புதன்கிழமை மின்விசிறியைத் துடைத்தேன். வியாழக்கிழமை பரணைக் காலி செய்தேன். கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டேன்.

"என்னங்க, உடம்புக்கு எதாவதா?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கறதுக்குன்னே பிறந்தவராச்சே நீங்க!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம், துவைத்த துணியை மடித்துக்கொண்டே உண்மையைக் கொட்டிவிட்டேன். பள்ளிக்கூடப் படத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு துண்டைப் பந்தாகச் சுருட்டியிருந்தேன். அவள் என் கையிலிருந்த துண்டை வாங்கி, சரியாக மடித்தாள்.

"ஒண்ணும் போகல. திங்கட்கிழமை நீங்க குளிக்கப் போனப்போ உங்க மேக்ரோவைப் படிச்சேன். மேல ரெண்டு வரி சேர்த்தேன். முதல்ல எல்லா ஃபோல்டரையும் என் இடத்துக்கு அப்படியே காப்பி எடுன்னு."

"உனக்கு மேக்ரோ தெரியுமா?"

"ரிட்டயர் ஆனதிலேர்ந்து கேக்காமலே பாடம் நடத்தறீங்களே. காது என்ன கடன் வாங்கினதா?"

"நாலு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அடுத்த துணியை எடுத்து மடித்தேன்.

"சரி, எங்க வெச்சே?"

"'அவர் செய்ய வேண்டிய வேலைகள்'னு ஒரு ஃபோல்டர். நாலு வருஷமா இருக்கு. நீங்க திறக்கவே மாட்டீங்கன்னு தைரியமா வெச்சேன்."

திறந்தேன். முப்பது வருஷமும் இருந்தது. பையோடு மகளும் நின்றாள். பக்கத்தில் இருபத்திரண்டு வேலைகளின் பட்டியல். நான் செய்த மூன்றுக்கும் அவள் அன்றன்றே டிக் போட்டிருந்தாள்.