ஒரு பல்பு, இரண்டு ஹோல்டர்

படித்த பெண்ணை நம்பி ஒரு வீட்டின் மின்சாரத்தை ஒப்படைக்கக் கூடாது. அதிலும் இயற்பியல் படித்தவளை நம்பவே கூடாது. ஊர் ஊராக மாற்றலாகி, பிள்ளைகளுக்கு மின்னோட்டம் பற்றிப் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு பல்பு ஃபியூஸ் போனால் என்னைத் தொட விடுவதில்லை. நான் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டாலே போதும், அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து ஸ்டூலைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

திருவாரூருக்குக் கிழக்கே ஒரு கூலிக்காரத் தெருவில் எங்கள் குடிசை இருந்தது. அப்பா கலியன், அம்மா அஞ்சம்மாள். நடவானாலும் அறுப்பானாலும் இருவருக்கும் பெரிய மிராசின் வயல்தான். குடிசை நின்ற மண்ணும் மிராசினுடையதாகத்தான் இருந்தது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்தது. சட்டம் வந்தால் மனை வந்துவிடுமா? விவசாயச் சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்தார்கள், அப்பாவும் போய் ஜெயிலில் களி தின்றுவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் குடிசைக்குப் பட்டா கிடைத்தது. (ஜெயில் களி பக்குவமாக இருந்தது என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட, அம்மா அதன் பிறகு வெகு நாள் அவருக்குக் களி கிண்டவே இல்லை.)

தகராறு கொல்லையில்தான். குடிசைக்குப் பின்னால் வாய்க்கால் வரைக்கும் ஒரு துண்டு நிலம். நான் பிறந்ததிலிருந்து அதில் கத்திரியும் பூசணியும் போட்டுத் தின்கிறோம். "கொல்லை எங்களது, அங்கே யாரும் குடியிருக்கவில்லை" என்று மிராசு தரப்பில் மனுக் கொடுத்திருந்தார்கள். தாலுகா ஆபீஸ் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., வந்து பார்த்து எழுதுவதுதான் முடிவு என்றாகிவிட்டது.

அப்பாவுக்கு அந்தக் கொல்லை கத்திரிக்காய்க்காக வேண்டியிருக்கவில்லை. அவருக்கு இளைப்பு. காலமெல்லாம் களத்துத் தூசியைக் குடித்த நெஞ்சு. ஒற்றை அறைக் குடிசையில் அம்மா அடுப்பைப் பற்ற வைத்தால் அவர் வாசலுக்கு வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அடுத்த மூச்சுக்குத் தவிப்பார். பார்க்கிறவர்களுக்கே நெஞ்சு வலிக்கும். கொல்லையில், வயற்காற்று வரும் இடத்தில், புகை படாத ஓர் அறை இருந்தால் மனுஷன் தூங்குவார். அந்த அறையில் அவர் குடியிருந்தால் கொல்லையும் கையை விட்டுப் போகாது. நான் கும்பகோணத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்ததும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். (யாரும் கொடுக்கவில்லை.)

கையில் காசில்லாமல் வீடு கட்டுவது தனிக் கலை. சுவர் வாய்க்கால் மண். கூரைக்கு, சாலை போட்டவர்கள் விட்டுப்போன தார் டின்னை வெட்டி, தட்டி நிமிர்த்திய தகடு. தகடு தெரிந்தால் "குடிசை இல்லை, மாடி வீடு" என்று யாராவது எழுதிப் போடுவார்கள் என்று பயந்து அதன் மேல் கீற்றைப் போட்டு மூடினோம். கதவுக்குப் பதில் பழைய கட்சிக் கூட்டத்துத் தட்டி. அதில் பாதித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார், மீதித் தலைவர் அம்மாவின் அடுப்புக்கு விறகாகியிருந்தார்.

குடியிருப்பு என்றால் அடுப்பும் விளக்கும் இருக்க வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அடுப்பு மூன்று கல். விளக்கில்தான் என் படிப்பு தலையிட்டது. அப்போது குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் இலவசமாகக் கொடுத்திருந்தது. ஒன்றே ஒன்று. இரண்டாவது பல்பு எரிந்தால் வயர்மேன் வந்து கம்பத்திலேயே வெட்டிவிட்டுப் போவார். நான் மைக் செட்டுக்காரரிடம் பழைய வயரைக் கெஞ்சி வாங்கி, குடிசை ஹோல்டரிலிருந்து கீற்றுக்குள் மறைத்துக் கொல்லை அறைவரை இழுத்து, அங்கே ஒரு ஹோல்டரைத் தொங்கவிட்டேன். அவசரத்துக்குப் பல்பைக் கழற்றி அங்கே மாட்டினால் எரியும். இதை வடிவமைத்த அன்று எனக்கு ஏதோ பரிசு கிடைக்கப் போகிறது என்றே நினைத்தேன்.

ஆர்.ஐ. வருவதற்கு முதல் நாள் மிராசின் காரியஸ்தர் எங்கள் வாசல் வழியாகக் குடையை ஊன்றிக்கொண்டு போனார்.

"கலியா, நாளைக்கு ஆர்.ஐ.யோட வயர்மேனும் வர்றாரு. கரண்டு திருடுறீங்கன்னு ஒரு மனு போட்டிருக்கேன். கோச்சுக்காத."

"ஐயா மனு போடுறது புதுசாங்க. கோச்சுக்க என்ன இருக்கு" என்றார் அப்பா.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஆர்.ஐ. கண்ணுக்கு இரண்டு இடத்திலும் விளக்கு எரிய வேண்டும். வயர்மேன் கண்ணுக்கு ஒரே பல்புதான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். நான் திட்டம் போட்டேன். ஆர்.ஐ. முதலில் குடிசையைப் பார்ப்பார், பிறகு பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்குப் போவார். அதற்குள் நான் பல்பைக் கழற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி அங்கே மாட்டிவிட வேண்டும். வயர்மேனை அம்மா வரக்காப்பி கொடுத்து வாசலிலேயே உட்கார வைக்க வேண்டும். அன்று பகலிலேயே ஒத்திகை பார்த்தோம். நான் கழற்றினேன், ஓடினேன், மாட்டினேன். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு, "நல்லாத்தான் ஓடுற, பி.டி. உஷாவாட்டம்" என்று சொல்லியிருப்பார், மூச்சு இடம் கொடுக்காததால் கையை மட்டும் தட்டினார்.

ஒத்திகையின்போது கரண்டு இல்லை. அதாவது பல்பு சில்லென்று இருந்தது. இந்தச் சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் வருவதாகச் சொன்ன ஜீப் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வந்தது. ஆர்.ஐ. இறங்கினார், பின்னாலேயே காரியஸ்தர், சைக்கிளில் வயர்மேன். குடிசையில் பல்பு எரிந்தது. வயர்மேன் அண்ணாந்து பார்த்து, "ஒண்ணுதான். சரி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆர்.ஐ.யும் காரியஸ்தரும் சந்துக்குள் திரும்பினார்கள். அம்மா வயர்மேன் கையில் காப்பியைத் திணித்து வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பெஞ்சில் ஏறிப் பல்பைப் பிடித்தேன்.

டங்ஸ்டன் இழை எவ்வளவு சூட்டில் ஒளிவிடும் என்று அந்த வருடம்தான் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கத்தவும் முடியாது. தாவணித் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக் கழற்றி, இருட்டில் ஓடி, கொல்லை ஹோல்டரில் மாட்டினேன். எரிந்தது. ஆர்.ஐ. தட்டியை விலக்கி உள்ளே வந்தபோது அப்பா வெளிச்சத்தில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இங்கதான் படுக்கிறியாப்பா?"

"ஆமாங்கய்யா. இங்கதான். முன்னாடி பொகை ஒத்துக்கல. இங்க நல்லா காத்து வருதுங்க."

ஆர்.ஐ. அடுப்பைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார். என் அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆர்.ஐ., "சரி, முன்னாடி லைட்டுல உக்காந்து எழுதிடுவோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முன்னால் ஏது லைட்? அங்கே வாசலில் வயர்மேன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இருட்டாயிடுச்சு?"

"கரண்டு போயிடுச்சுங்க."

"தெருவெல்லாம் எரியுதே?"

"எங்க வீட்டுக்கு மட்டும் அப்பப்ப போவுங்க" என்றாள் அம்மா.

வயர்மேன் காப்பியை வைத்துவிட்டு டார்ச்சோடு குடிசைக்குள் புகுந்தார். இது எதுவும் தெரியாத நான், ஆர்.ஐ. வெளியே கால் வைத்ததும் பல்பைக் கழற்றிக்கொண்டு முன்பக்கம் பாய்ந்தேன். பின்வாசலில் வயர்மேனின் நெஞ்சில் போய் முட்டினேன். தாவணி விலகிச் சூடு கையில் பட, விட்டுவிட்டேன். 'டப்' என்று ஒரே சத்தம். சந்து வழியாக வந்துகொண்டிருந்த ஆர்.ஐ.யும் காரியஸ்தரும் குடிசைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். டார்ச் வெளிச்சம் காலி ஹோல்டரைக் காட்டியது, கீற்றிலிருந்து நழுவியிருந்த வயரைக் காட்டியது, கடைசியில் என் முகத்தில் நின்றது.

"பாப்பா, பல்பு எங்க?"

"கையில இருந்துச்சுங்க" என்றேன்.

முதலில் சிரித்தது வயர்மேன்தான். பிறகு ஆர்.ஐ., காரியஸ்தர். தட்டுத் தடுமாறி வந்து நின்ற அப்பாவும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார், இருமல் நிற்கவில்லை. அவரைப் பிடித்து உட்கார வைத்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் ஆர்.ஐ. எழுதிக்கொண்டே வாசித்தார்: "கொல்லையில் இருப்பது மாட்டுக் கொட்டகை. குடியிருப்பு இல்லை."

"எங்ககிட்ட மாடே இல்லீங்களே" என்றாள் அம்மா.

"இனிமே வாங்கிக் கட்டிக்கம்மா."

வயர்மேன் கம்பத்தில் ஏறினார். கெட்டவர் இல்லை, இறங்கி வந்து என் கைக்கு என்ன போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முன்னால் இருந்த ஒரு விளக்கும் போயிற்று.

விடுமுறை முடிந்து நான் கும்பகோணம் போனேன். தீபாவளிக்கு வந்து பார்த்தால் அப்பா கொல்லையில்தான் இருக்கிறார். ஐப்பசி மழை. தார்த் தகட்டின் ஆணி ஓட்டை எல்லாவற்றிலும் ஒழுகுகிறது, தரை சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. கட்டிலுக்கு மேலே நான் மாட்டிய ஹோல்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா சட்டியில் கஞ்சியோடு நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து மாடு மாதிரி ஒரு குரல் கொடுப்பார். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

"அப்பா, முன்னாடி வந்து படுங்க. ஈரம் நெஞ்சுக்கு ஆகாது. கொல்லை போனா போவுது" என்று கெஞ்சினேன்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அங்க வந்து படுத்துட்டா... அந்த ஆளு எழுதுனது நெசமாயிடும்ல, பாப்பா?"

மூன்று வருடம் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. என் விரல் நுனியில் கொப்புளம் ஆறி வெள்ளையாக இருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆனாலும் நல்லாத்தான் ஓடுன" என்றார்.

மழைக்காலம் முழுக்க அவர் வரவில்லை. சம்பா அறுப்புக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், அந்தக் கட்டிலிலேயே போய்விட்டார்.

கோடையில் வேறொரு ஆர்.ஐ. மறுவிசாரணைக்கு வந்தார். சங்கத்துக்காரர்கள் விடாமல் நடந்து வாங்கிய விசாரணை. நானும் இருந்தேன். இந்த முறை விளக்கு இல்லை, அடுப்பு இல்லை, ஒத்திகையும் இல்லை. அவர் தட்டியை விலக்கி உள்ளே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல யாரும்மா குடியிருக்கா?"

"இப்ப யாரும் இல்லீங்க" என்றாள் அம்மா. "இருந்தவரு தை மாசம் இதுக்குள்ளயே செத்துட்டாரு."

ஆர்.ஐ. காரியஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். காரியஸ்தர் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்.ஐ. குடியிருப்பு என்று எழுதினார். கொல்லை எங்களுக்கு வந்தது.

இன்று அந்த இடத்தில் மெத்தை வீடு, மீட்டர், அறைக்கு இரண்டு விளக்கு. யாராவது இரண்டையும் அணைக்காமல் விட்டால், "ஆர்.ஐ. வர்றாரு, பல்பக் கழட்டிக்கிட்டு ஓடு" என்று ஒருவர் குரல் கொடுப்பார், வீடே சிரிக்கும். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அம்மாவை நடுவில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். எண்பதைத் தாண்டிய பிறகும் "கையில இருந்துச்சுங்க" என்பதை என் குரலிலேயே சொல்வாள். அத்தோடு கதை முடிந்துவிடும். அதற்கு மேல் அவளும் சொல்ல மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம்.

போன தையில் என் மகனுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக் கூடத்திலேயே, புது மருமகளுக்காக அம்மா மறுபடி சொன்னாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"அப்பறம் தாத்தா எங்க படுத்தாங்க, அம்மாயி?"

அம்மா தலைக்கு மேலே எரிந்த விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்கதாம்மா" என்றாள்.