டெரன்ஸ் மாமாவின் குடலிறக்கமும் பொன்விழா மலரின் பதினான்காம் பக்கமும்

அடையாறு,
செவ்வாய் மதியம்.

அன்பும் மரியாதையும் மிக்க டெரன்ஸ் மாமாவுக்கு,

கிளிஃபர்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் நலம். சாந்தோமில் உங்கள் குடலிறக்கம் நீங்கலாக மற்றெல்லாம் நலம் என்று நம்புகிறேன். போனில் சொல்ல நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும், "லைன்ல யாரு தெரியுமா, நம்ம சர்ஜன்" என்று பக்கத்தில் இருப்பவர் கையில் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்களுக்கு நான் ஆபரேஷன் செய்யக் கூடாது.

நான்தான் செய்யப்போகிறேன் என்று பங்குக் கோயிலில் பாதிப் பேருக்கு நீங்கள் சொல்லியாயிற்று என்பது தெரியும். லிண்டா அத்தை ஞாயிறு பூசையில் 'டாக்டர் கிளிஃபர்டின் கரங்களுக்காக' என்று வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுத்து, சாமியார் அதை மைக்கில் வாசித்ததும் தெரியும். கடைசி பெஞ்சில் அந்தக் கரங்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இவ்வளவு தைரியமாக வயிற்றை நீட்டக் காரணம் எங்கள் சர்ஜன்கள் சங்கத்தின் பொன்விழா மலர். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் பதினான்காம் பக்கத்தில், 'இன்றைய பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நூறு அறுவை சிகிச்சைகளைத் தன் கையாலேயே செய்கிறார்' என்று எங்கள் தலைமை மருத்துவர் சந்திரமௌலி எழுதியிருப்பதை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். மாமா, அதை எழுதியது அவரில்லை, நான். அவர் கையெழுத்து மட்டும் போட்டார். அவருடைய கையெழுத்து எனக்கும் வேண்டியிருந்தது, ஆபரேஷன் கணக்கை நான் பதியும் லாக் புத்தகத்தில். அது இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது.

அந்த வரலாற்றை எழுத மூன்று மாதம் சங்கத்து பீரோவைக் குடைந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஆட்களை டிரெஸ்ஸர் என்று வைத்துக்கொண்டு கட்டுக் கட்டவும் கழற்றவும் விட்டார்கள், கத்தி துரை கையில் இருந்தது. துரை போனான், கத்தி தலைமை மருத்துவர் கைக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும், பயிற்சி மருத்துவர்களுக்கு ஆபரேஷன் செய்ய அதிக வாய்ப்பு தர வேண்டும் என்று ஒரு தீர்மானம். ஒருவர் முன்மொழிகிறார், ஒருவர் வழிமொழிகிறார், எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். ஐம்பது வருடத்தில் மாறியது சாப்பாட்டுக்குப் பிறகு பரிமாறிய இனிப்பு மட்டும்தான். 1987ஆம் வருடக் குறிப்பில், கடைசி வரிசையில் இருந்து எழுந்து, மூன்று வருடமாகக் கொக்கி பிடித்தே என் கை மரத்துப்போச்சு என்று சண்டை போட்ட ஒரு பையனை வெளியே அனுப்பியதாக இருக்கிறது. பையன் பெயர் சந்திரமௌலி. அதை மலரில் சேர்க்கட்டுமா என்று அவரிடமே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எடம் இருக்காது" என்றார்.

அந்தக் கொக்கியைத்தான் இப்போது நான் பிடிக்கிறேன். அறுத்த இடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்களுடையது தனியார் ஆஸ்பத்திரி, காசு கட்டுகிறவர்கள் எல்லோரும் பெரியவர் சந்திரமௌலியின் கைதான் வேண்டும் என்கிறார்கள். அபிராமபுரத்து அம்மாள் ஒருவர் மயக்க ஊசி ஏறும்போதுகூட என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையாண்டான் தொடமாட்டானோல்லியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவர் கேட்டதில் தப்பில்லை. அப்படியானால் நாங்கள் எங்கேதான் கற்றுக்கொள்வது? மாதம் ஒருமுறை நடக்கும் இலவச முகாமில். ஊரூர் குப்பத்திலிருந்து வருகிற மீனவர்கள் யார் கை என்று கேட்பதில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. என் லாக் புத்தகத்தில் நாற்பத்தொரு குடலிறக்கம் இருக்கிறது. முழுதாக நான் செய்தது இரண்டு, மற்றதிலெல்லாம் கொக்கி பிடித்ததுதான். இரண்டுமே குப்பத்து ஆட்கள். ஒருவர் தையல் பிரிக்க வந்தபோது சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல பெரியவரு பேருதான் கீது, நீதானே நைனா பண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வலை இழுத்தா வலிக்குது. இன்னா பண்ணிட்டே உள்ள?" என்றார். உள்ளே என்ன பண்ணினேன் என்று எனக்குத் தெரியவில்லை மாமா. அன்றிலிருந்து அவர் வலை இழுக்கும் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் நான் போவதில்லை.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். காசு கட்டி வாருங்கள், பெரியவர் செய்வார், நான் கொக்கி பிடிக்கிறேன். இல்லை, வேளச்சேரியில் வேறு நல்ல ஆளைப் பாருங்கள். இலவச முகாமில் வந்தால் மட்டும்தான் நீங்கள் என் கைக்கு வருவீர்கள். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். பங்கில் யாராவது கேட்டால், கிளிஃபர்டுக்கு ஜுரம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் மாதா துணை. கனமான எதையும் தூக்காதீர்கள், இருமல் வந்தால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும் மருமகன்,
கிளிஃபர்ட்

பி.கு.: உறையை ஒட்டும்போது சனிக்கிழமை முகாமின் பட்டியல் வந்தது. எட்டாவது பெயர் உங்களுடையது. யாரிடமும் சொல்லாமல் நீங்களே வந்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எதிரே 'ஆபரேஷன் செய்பவர்' என்ற இடம் காலியாக இருக்கிறது, ஏனென்றால் பெரியவர் அன்று கோயம்புத்தூர் மாநாட்டில் பயிற்சி மருத்துவர்களுக்கு வாய்ப்பளிப்பது பற்றிப் பேசப் போகிறார். ஆதில் என் கூடப் படிப்பவன், மூன்று வருடத்தில் ஒரு குடலிறக்கம்கூடக் கிடைக்காதவன். பட்டியலை எட்டிப் பார்த்து, "மச்சி, உனக்குத்தான் ரெண்டு ஆச்சே, எட்டாவது ஆளை எனக்குக் குடுத்துடேன்" என்றான். அது என் மாமா, தர மாட்டேன் என்று சொல்லி அந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். திரும்ப எழுத நேரமில்லை, அதனால் மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படியுங்கள். வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிட வேண்டாம். அத்தையிடம் பூசைக் கருத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். கரங்களுக்காகவே இருக்கட்டும்.